கதவைச் சாத்தினால் கோபம் என்று அர்த்தமா?

மொட்டைமாடி
வெள்ளி, இரவு 11:52

துரைப்பாக்கத்தில் இரண்டு படுக்கையறை வீடு, நான்கு பேர். மற்ற மூவரும் திருநெல்வேலியில் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். நான் தெரிந்தவர் மூலம் நான்காவதாக வந்து சேர்ந்தவன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மூவரும் தங்கமானவர்கள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது ரசம் வைத்துக் கொடுத்து, மருந்துக்கடைக்கும் நடந்தவர்கள். சிக்கலே அதுதான். கெட்டவர்களாக இருந்தால் வேறு வீடு பார்த்துக்கொண்டு போயிருப்பேன்.

அவர்களுக்கு வீடு என்றால் நாலு பேர் கூடியிருக்க வேண்டும். ஐ.பி.எல். நடக்கும் மாதங்களில் ஹாலில் கால் வைக்க இடமிருக்காது. மற்ற மாதங்களில் கேரம், பரோட்டா பார்சல், யாருடைய பெண் பார்க்கும் படலமோ போன் ஒலிபெருக்கியில். எனக்கோ அலுவலகத்தில் பகல் முழுக்கப் பேசிவிட்டு வந்தால் இரண்டு மணி நேரமாவது யாரும் என்னிடம் எதுவும் கேட்கக் கூடாது. சமையலறைக்குப் போக ஹாலைக் கடக்க வேண்டும் என்பதால் எட்டு மணிக்கு முன்பே இரண்டு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். வீடு திரும்பும்போது வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்ப்பேன். அதிகமாகக் கிடந்தால் அழைப்புமணியை அழுத்தாமல் மாடிக்கு ஏறிவிடுவேன். என் பெயர் வந்த கதை இதுதான்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால் ஐந்து நிமிடத்தில் ஒருவர் எட்டிப் பார்த்து, "என்ன பாஸ், கோபமா?" என்கிறார். இல்லை என்றால் நம்புவதில்லை. பதில் சொல்லிச் சொல்லியே எனக்கு நிஜமாகக் கோபம் வந்துவிடுகிறது. இவர்கள் மனம் நோகாமல் இதை எப்படிச் சொல்வது?


கடைசிபெஞ்ச்
சனி, காலை 7:10

சத்தத்தை அடக்கும் ஹெட்ஃபோன் ஒன்று வாங்குங்கள். முடிந்தது.


மொட்டைமாடி
சனி, காலை 8:31

வைத்திருக்கிறேன். அதை மாட்டியிருப்பவனைத் தோளில் தட்டிக் கூப்பிடுகிறார்கள்.


மேன்சன்வாசி
சனி, காலை 9:15

தம்பி, தொண்ணூறுகளில் திருவல்லிக்கேணி மேன்சனில் குப்பை கொட்டியவன் எழுதுகிறேன். மூன்று கட்டில் போட்டால் நடக்க இடமில்லாத அறை. துணி காயப்போடும் கயிறு முகத்தின் மேலேயே போகும். அங்கே தனிமை என்று வாய் திறந்தால் சிரித்திருப்பார்கள். அதனால் வீட்டுக்குள் தனிமை தேடும் எண்ணத்தையே விட்டுவிட்டு வெளியே தேடினோம். மாலையில் மெரினா, ஞாயிற்றுக்கிழமை எழும்பூர் கன்னிமாரா நூலகம். 1896இல் திறந்த கட்டடம், உள்ளே போனால் பேச்சுச் சத்தமே இருக்காது. வேலை தேடும் பையன்களில் பாதிப் பேர் அங்கேதான் கிடந்தோம்.

உங்களுக்குக் கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகம் பக்கம். 2010இல் திறந்தார்கள். சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் உட்கார்ந்து படிக்கவே அங்கே ஒரு பகுதி இருக்கிறது. அலுவலகம் முடிந்து நேரே வீட்டுக்குப் போகாதீர்கள். ஒரு மணி நேரம் எங்காவது உட்கார்ந்துவிட்டுப் போனால் ஹால் சத்தம் அவ்வளவாக உறைக்காது.


நிலாமுற்றம்
சனி, காலை 10:02

மேன்சன்வாசி ஐயா சொல்வது ஆண்களுக்குச் சரி. இரவு எட்டு மணிக்குக் கடற்கரையில் தனியாக உட்காரும் வசதி எங்களுக்கு இல்லை. அறைதான் உண்டு, அதையும் மூன்று பேர் பங்கு போட்டுக்கொள்வோம்.

நான் பெங்களூரில் நான்கு பெண்களோடு இருக்கிறேன். பெண்கள் வீட்டில் கேள்வி வேறு மாதிரி வரும். கோபமா என்று கேட்கமாட்டார்கள், "ஊரில் ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்பார்கள். ஒருநாள் சும்மா சன்னலோரம் உட்கார்ந்திருந்ததற்கு ஒருத்தி என் அம்மாவுக்கே தொலைபேசியில் பேசி விசாரித்துவிட்டாள். அம்மா பயந்துபோய் அடுத்த நாள் காலை பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். கையில் முறுக்கு டப்பா வேறு.

எனக்குக் கைகொடுத்தது கையில் ஒரு வேலையை வைத்துக்கொள்வது. எல்லோரும் கூடிப் பேசும்போது நான் வெங்காயம் நறுக்குவேன், இல்லாவிட்டால் தோசை சுடுவேன். அடுப்படியில் நின்றால் கூட்டத்தில் இருந்த கணக்கும் ஆகிறது, பேசவேண்டிய கட்டாயமும் இல்லை. எப்போதாவது ஒரு வார்த்தை சொன்னால் போதும். வெறுங்கையோடு சோபாவில் உட்கார்ந்திருப்பவளைத்தான் "ஏன் பேசாமல் இருக்கிறாய்?" என்று கேட்பார்கள். தோசை சுடுபவளை யாரும் கேட்பதில்லை. அடுத்த தோசை எப்போது என்றுதான் கேட்பார்கள்.


ஹால்வாசி
சனி, மதியம் 1:40

எதிர்த் தரப்பு வருகிறது. கல்லெறியாமல் படியுங்கள்.

நான்தான் உங்கள் ஹாலில் உட்கார்ந்து சத்தமாகச் சிரிக்கும் ஆள். உங்கள் வீட்டு ஹால் இல்லை, பெருங்குடியில் வேறு ஹால். எங்கள் வீட்டிலும் உங்களைப் போல ஒருவர் இருந்தார். கதவு சாத்தியிருக்கும். உள்ளே விளக்கு எரிகிறதா என்று கதவிடுக்கில் பார்ப்போம். எரிந்தால் விழித்திருக்கிறார், அப்படியானால் ஏன் வரவில்லை? நாங்கள் சொன்ன ஏதோ ஒன்று அவரைக் குத்திவிட்டதா? முந்தின நாள் பேசியதை எல்லாம் திருப்பிப் பார்ப்போம். தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைப்போம், கொஞ்ச நேரத்தில் மறந்துபோய்க் கூட்டுவோம், மறுபடி குற்ற உணர்ச்சி. சாப்பாடு வந்ததும் கூப்பிடுவதா வேண்டாமா என்று ஒரு சிறு மாநாடே நடக்கும். கூப்பிட்டால் தொந்தரவு, கூப்பிடாவிட்டால் ஒதுக்கிவிட்டோம் என்றாகும்.

அவர் ஒரு மாதக் கடைசியில் காலி செய்துகொண்டு போனார். எங்களோடு இருக்க மூச்சு முட்டியது என்று பொது நண்பர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. எங்களிடம் ஒரு சொல் இல்லை.

மொட்டைமாடி அவர்களே, செருப்பைப் பார்த்துவிட்டு மாடிக்குப் போனதாக எழுதியிருக்கிறீர்கள். தண்ணீர் பாட்டில் விவரம்கூட எங்களுக்குத் தெரிகிறது. உங்கள் வீட்டு மூவருக்கு இதில் ஏதாவது ஒன்று தெரியுமா?


மொட்டைமாடி
சனி, மதியம் 2:25

தெரியாது.


கடைசிபெஞ்ச்
சனி, மதியம் 2:31

ஹால்வாசி அடித்தது சிக்சர்.


கணக்குப்பிள்ளை
சனி, மாலை 4:50

எல்லோரும் சுபாவம், மனம் என்று பேசுகிறீர்கள். எனக்கு இது வாடகைக் கணக்காகத் தெரிகிறது. நான்கு பேர் சம பங்கு கொடுக்கிறீர்கள். ஆனால் ஹாலை மூன்று பேரும் அவர்கள் விருந்தாளிகளும் ஆள்கிறார்கள், உங்களுக்குப் பாதி அறை. வெள்ளிக்கிழமை வரும் கூட்டம் குடிக்கிற இருபது லிட்டர் கேன் யார் கணக்கில் போகிறது? கேஸ் சிலிண்டர்? பாத்திரம் தேய்க்க வரும் அம்மா கூடுதல் பணம் கேட்டால் அதில் உங்களுக்கும் கால் பங்கு உண்டா இல்லையா? கூட்டத்தை விரும்பாத ஆள்தான் கூட்டத்துக்குச் செலவழிக்கிறான். அமைதியான ஆட்கள் இதைக் கேட்கமாட்டார்கள். கேட்டால் அற்பன் என்று நினைப்பார்களோ என்ற பயம்.

இன்னொன்று. வாடகை ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கிறது? 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் வேண்டும் என்கிறது. நான்காவதாக வந்து சேர்பவர் பெயர் பெரும்பாலும் அதில் இருக்காது. முன்பணத்தில் உங்கள் பங்கு யாரிடம் இருக்கிறது என்பதையாவது தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கால் ஊன்ற இடமிருந்தால்தான் வாய் திறக்க வரும்.

சத்தத்துக்கும் சட்டம் உண்டு. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபல்தான் வரம்பு. பகலில் 55.


ஹால்வாசி
சனி, மாலை 5:12

ரசம் வைத்துக் கொடுத்தவன் மேல் ஒலி மாசு விதியைப் பாய்ச்சச் சொல்கிறீர்களே, ஐயா!


கணக்குப்பிள்ளை
சனி, மாலை 5:20

பாய்ச்சச் சொல்லவில்லை. பத்து மணிக்கு மேல் சத்தம் குறைய வேண்டும் என்பது இவருடைய நோஞ்சான் ஆசை இல்லை, ஊருக்கே பொதுவாக எழுதி வைத்த ஒன்று என்று அவர் தெரிந்துகொள்ளட்டும். கேட்கும்போது குரல் தழுதழுக்காது.


நேர்கோடு
சனி, இரவு 8:05

யாராவது ஒருவர் கசப்பாகச் சொல்லத்தான் வேண்டும். இப்போதெல்லாம் ஆளாளுக்கு "நான் உள்முக இயல்பு உள்ளவன், இன்ட்ரோவர்ட்" என்று ஒரு சான்றிதழ் எழுதிக்கொண்டு பாத்திரம் கழுவுவதிலிருந்து வீட்டு உரிமையாளரிடம் பேசுவது வரை எல்லாவற்றிலும் நழுவுகிறார்கள். எங்கள் வீட்டில் ஒருவர் அப்படித்தான். தண்ணீர் லாரிக்குத் தொலைபேச மாட்டார், மின் கட்டணம் கேட்டு வரும் ஆளிடம் பேச மாட்டார். கேட்டால் சுபாவமாம். கொஞ்ச நாள் வலிந்து பழகினால் எல்லாம் சரியாகும். நான் அப்படி மாறியவன்தான்.


ஆய்வுமாணவி
சனி, இரவு 9:44

உளவியல் படிக்கிறேன். நேர்கோடு சொன்னதில் பாதி சரி, பாதி தவறு. இரண்டுக்கும் ஆதாரம் இருக்கிறது.

சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் உள்முகம், வெளிமுகம் என்ற பாகுபாட்டை விரிவாக எழுதினார். பிறகு ஐசென்க் என்ற உளவியலாளர் வேறு விளக்கம் சொன்னார். உள்முகமானவர்களின் மூளை ஏற்கெனவே கூடுதல் விழிப்பில் இருப்பதால் வெளியிலிருந்து வரும் தூண்டுதல் அவர்களுக்குச் சீக்கிரம் அளவு மீறிவிடுகிறது என்றார். இங்கே பேச்சு சத்தத்தைப் பற்றி என்பதால் 1984இல் ரஸல் கீன் செய்த சோதனை பொருந்தும். கற்றல் வேலை ஒன்றைக் கொடுத்து, பின்னணி இரைச்சல் எவ்வளவு வேண்டும் என்று மாணவர்களையே தேர்ந்தெடுக்கவிட்டார். உள்முகமானவர்கள் குறைவாக வைத்துக்கொண்டார்கள், மற்றவர்கள் கூட்டி வைத்தார்கள். அவரவர் தேர்ந்த அளவில் இரு தரப்பும் ஒரே மாதிரி நன்றாகச் செய்தார்கள். ஒருவர் அளவை மற்றவருக்கு மாற்றிக் கொடுத்தபோது இரு தரப்புமே தடுமாறினார்கள். ஆக ஹால்வாசியை நூலகத்தில் உட்கார வைத்தால் அவரும் வாடித்தான் போவார்.

வலிந்து பழகினால் சரியாகும் என்ற பேச்சுக்கு வருகிறேன். கனடாவில் ஜெலென்ஸ்கி குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், கலகலப்பாக நடந்துகொள்ளச் சொன்னபோது உள்முகமானவர்கள் தாங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே அந்த நேரத்தை ரசித்தார்கள். இது நேர்கோடு பக்கம். ஆனால் அவை சோதனைக்கூடத்துச் சிறு அமர்வுகள். 2019இல் மெல்போர்ன் ஆய்வாளர்கள் ஒரு வாரம் முழுக்க அப்படி நடந்துகொள்ளச் சொன்னார்கள். மிகவும் உள்முகமானவர்களுக்குப் பலன் குறைவாக இருந்தது, களைப்பும் தான் தானாக இல்லை என்ற உணர்வும் கூடின. அரை மணி நேரம் உட்கார்ந்து கேரம் ஆடினால் மொட்டைமாடிக்கு நன்றாகவே இருக்கலாம். வாரம் ஏழு நாளும் என்றால் தாங்காது.

தண்ணீர் லாரிக்குத் தொலைபேச மறுப்பது வேறு விஷயம். அது கூச்சமாக இருக்கலாம், பதற்றமாக இருக்கலாம், சோம்பலாகவும் இருக்கலாம். மூன்றையும் உள்முக இயல்பின் தலையில் கட்ட வேண்டாம்.


நேர்கோடு
சனி, இரவு 10:01

சோம்பல்தான். எனக்குத் தெரியும்.


தெம்பனீஸ்_தமிழன்
ஞாயிறு, காலை 6:55

சிங்கப்பூரிலிருந்து. வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய நான்கறை வீட்டில் அறை எடுத்து இருக்கிறேன். இங்கே 2024 ஜனவரியிலிருந்து நான்கறை, அதைவிடப் பெரிய வீடுகளில் உறவல்லாத எட்டுப் பேர் வரை தங்க அனுமதிக்கிறார்கள், முன்பு ஆறு பேர். எட்டுப் பேருக்கு ஒரு சமையலறை என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். ஆனால் வேடிக்கை என்னவென்றால் எனக்கு ஊரில் மூன்று பேரோடு இருந்தபோது பட்ட பாடு இங்கே இல்லை. இங்கே யாரும் யாரையும் சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை. சமையலுக்கு நேரம் எழுதி ஒட்டியிருக்கிறது, குளிர்பதனப் பெட்டியில் தட்டு பிரித்திருக்கிறது. யாரும் யார் கதவையும் தட்டுவதில்லை. முதலில் சொர்க்கமாக இருந்தது. இப்போது தீபாவளிக்கு முதல் நாள் இரவு புளோக்கின் கீழே தனியாக உட்கார்ந்திருந்தால், யாராவது வந்து "கோபமா?" என்று கேட்டால் தேவலை என்று தோன்றும். உங்கள் ஆட்களை அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள்.


நிலாமுற்றம்
ஞாயிறு, காலை 8:20

தெம்பனீஸ் அண்ணா சொன்னது மனதைத் தொட்டது. ஆனாலும் எனக்கு அந்த எழுதி ஒட்டிய தாள் வேண்டும். பாசமும் வேண்டும், தாளும் வேண்டும். ஒன்றைக் கேட்டால் இன்னொன்று போய்விடும் என்று ஏன் நினைக்க வேண்டும்?

மொட்டைமாடி, சொல்லும்போது கூட்டம் இருக்கும் நேரத்தில் சொல்லாதீர்கள். அப்போது சொன்னால் விருந்தாளியைத் துரத்தியது போலாகும். காலையில் டீ குடிக்கும்போது சொல்லுங்கள். "எனக்குப் பிடிக்கவில்லை" என்று ஆரம்பிக்காமல் எந்த நேரம், எந்த இடம் என்று கேளுங்கள். பிடிக்கவில்லை என்றால் யாரைப் பிடிக்கவில்லை என்ற ஆராய்ச்சியில் இறங்கிவிடுவார்கள். மணிக்கணக்கைச் சொன்னால் பேரம் பேசுவார்கள், பேரம் பேசினால் நல்லது.


ஹால்வாசி
ஞாயிறு, காலை 9:03

இதை வழிமொழிகிறேன். எங்களுக்குக் காரணம் வேண்டாம், நேரம் போதும். "ஒன்பதரை வரை ஆளை விடுங்கள், அப்புறம் சாப்பிட வருகிறேன்" என்று ஒரு வரி இருந்தால் மாநாடு எல்லாம் தேவைப்பட்டிருக்காது. ஆனால் சொன்னபடி வர வேண்டும். வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டால் அடுத்த முறை கதவைத் தட்டுவோம்.


மொட்டைமாடி
புதன், இரவு 10:38

பேசிவிட்டேன். தூங்கும் முன் எழுதிவிடுகிறேன்.

ஞாயிறு காலை, இட்லி மாவு வாங்கப் போன ஒருவர் திரும்பி வந்ததும் மூவரையும் வைத்துக்கொண்டு சொன்னேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. அலுவலகம் முடிந்து வந்ததும் ஒன்பதரை வரை தனியாக இருந்தால்தான் எனக்கு ஆள் திரும்புகிறது, கதவு சாத்தியிருந்தால் அதுதான் காரணம், வேறு ஒன்றும் இல்லை என்றேன். சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர் கேட்டார்: "அப்போ மீன் வாசனைக்காக இல்லையா?"

எனக்குப் புரியவில்லை. விசாரித்தால் கதை இப்படிப் போகிறது. நான் சைவம். இவர்கள் வீட்டில் மீன் வறுக்கும்போதெல்லாம் நான் கதவைச் சாத்துகிறேன் என்று ஒருவர் கண்டுபிடித்திருக்கிறார். அதிலிருந்து வீட்டில் மீனே வாங்குவதில்லை. அடுத்த தெருவில் இருக்கும் நண்பர் வீட்டுக்கு எடுத்துப்போய் வறுத்துச் சாப்பிட்டுவிட்டு, கையை நன்றாக சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வருகிறார்களாம். அவர்கள் மீன் வறுத்ததும் எட்டு மணி, நான் கதவைச் சாத்தியதும் எட்டு மணி, அவ்வளவுதான் சங்கதி. எனக்கு அந்த வாசனையில் எந்தப் புகாரும் இல்லை. என் பாட்டி வீட்டுக்கு எதிரிலேயே மீன் சந்தை.

இதற்குப் பிறகு பேச்சு எளிதாகிவிட்டது. வெள்ளி, சனி இரவு ஹால் அவர்களுடையது, பதினொன்றுக்கு மேல் சத்தம் அடங்கும். ஞாயிறு மாலை விருந்தாளி இல்லை. யாராவது வருவதாக இருந்தால் வாட்ஸ்அப் குழுவில் முன்கூட்டியே ஒரு வரி. கணக்குப்பிள்ளை ஐயா சொன்ன தண்ணீர் கேனையும் தைரியமாக எடுத்துவிட்டேன். யார் கூட்டமோ அவர் கூடுதல் கேனுக்குப் பணம் போட வேண்டும். அவர்களே "இதை ஏன் இவ்வளவு நாள் கேட்கவில்லை?" என்றார்கள். ஒப்பந்தத்தில் என் பெயர் இல்லைதான். அடுத்த புதுப்பித்தலில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

மூவரில் ஒருவருக்கு மட்டும் இது ஒப்பவில்லை. "இது என்ன வீடா, ஆஸ்டலா? நண்பன் வருவதற்கு முன் அனுமதி கேட்க வேண்டுமா?" என்றார். அவருக்கு வருத்தம்தான். அவர் வளர்ந்த வீட்டில் வாசல் கதவைப் பகலில் சாத்தியதே கிடையாதாம். அதுவும் எனக்குப் புரிகிறது.


ஆய்வுமாணவி
புதன், இரவு 11:05

மீனுக்காக ஒரு ஆய்வே செய்யலாம்.


மேன்சன்வாசி
வியாழன், காலை 6:30

நல்லது, தம்பி. இருந்தாலும் அண்ணா நூலகத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். ஒன்பதரை வரை என்பது வாடகை வீட்டில் நிரந்தரமில்லை. புதிதாக ஒருவர் வந்து சேர்ந்தால் மறுபடி முதலிலிருந்து பேச வேண்டும்.


நேர்கோடு
வியாழன், காலை 7:48

கேரம் ஆடினீர்களா இல்லையா?


மொட்டைமாடி
வியாழன், காலை 8:15

ஆடினேன். ஒன்பதரைக்கு வெளியே வந்து ஒரு ஆட்டம். சிவப்புக்காயைப் போட்டது நான்தான் என்பதைப் பணிவோடு இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.


கணக்குப்பிள்ளை
ஞாயிறு, காலை 10:20

அந்த மூன்றாமவர் என்ன ஆனார்?


மொட்டைமாடி
ஞாயிறு, காலை 11:02

இன்னும் கொஞ்சம் முகம் தூக்கித்தான் இருக்கிறார். நேற்று இரவு அவருடைய ஆட்கள் நாலைந்து பேர் வந்தார்கள். குழுவில் தகவல் ஒன்றும் இல்லை. கேன் பணம் மட்டும் நள்ளிரவில் என் கணக்குக்கு வந்திருந்தது, குறிப்பு எழுதும் இடத்தில் "தண்ணி வரி" என்று போட்டு.